எஃப்1 அழுத்தினால் என்ன வர வேண்டும்?

மென்பொருளோடு சேர்த்துத் தரும், எஃப்1 விசையை அழுத்தினால் திறக்கும் உதவிப் பக்கங்களை எழுதுவது பற்றி பெங்களூரு வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

சிக்பேட்டை மொத்தத் துணிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். நாங்கள் இரண்டே பேர். 140 பக்கத்துக்கு பி.டி.எஃப். கையேடு கொடுத்திருக்கிறோம். ஒருவரும் திறப்பதில்லை. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை போன்தான். எங்கே தவறு?
– வாசகர், காட்டன்பேட்டை

கையேட்டின் பொருளடக்கத்தை ஒருமுறை பாருங்கள். மாஸ்டர், டிரான்சாக்‌ஷன், ரிப்போர்ட், செட்டிங்ஸ் என்று உங்கள் மெனு இருக்கும் வரிசையிலேயே அதுவும் இருக்கும். கல்லாவில் நிற்பவர் மனதில் அந்த வரிசை கிடையாது. "பார்ட்டி பேரை மாத்திப் போட்டுட்டேன், பில்லும் கொடுத்தாச்சு, இப்ப என்ன பண்றது?" என்பதுதான் அவர் கேள்வி. எதிரே வாடிக்கையாளர் காத்திருக்கிறார். 140 பக்கத்தில் அவர் எந்தச் சொல்லைத் தேடுவார்? போன்தான் செய்வார்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு அழைப்பையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அப்போது எந்தத் திரையில் இருந்தார், தீர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பதினைந்து இருபது கேள்விகளுக்கு முதலில் பக்கம் எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். தலைப்பு அவர்கள் வாயில் வந்த சொல்லாக இருக்கட்டும். மீதி மெனுக்கள் காத்திருக்கலாம்.

இனி, எழுதும் விதம். வழக்கமான கையேட்டில் இப்படி ஒரு பத்தி இருக்கும்:

"இன்வாய்ஸ் கேன்சலேஷன் வசதியின் மூலம் பயனர் தாம் உருவாக்கிய இன்வாய்ஸ்களை எளிதாக ரத்து செய்துகொள்ளலாம். இதற்கு டிரான்சாக்‌ஷன் மெனுவிற்குச் சென்று தேவையான இன்வாய்ஸைத் தேர்ந்தெடுத்து கேன்சல் பட்டனை அழுத்தவும். குறிப்பு: இ-இன்வாய்ஸ் எனில் 24 மணி நேரம் கடந்த பின் ரத்து செய்ய இயலாது."

முதல் வாக்கியத்தில் விளம்பரம் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூன்று வேலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பாதியில் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விட்ட இடம் தெரியாது. எல்லாவற்றையும் விட மோசம் அந்தக் குறிப்பு. முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் கடைசியில் கிடக்கிறது. அதையே இப்படி மாற்றலாம் (ஜி.எஸ்.டி. தளத்தில் பதியும் பில்தான் இ-இன்வாய்ஸ், பதிந்ததும் கிடைக்கும் எண் ஐ.ஆர்.என்.; சரக்கு அனுப்பப் போடும் மின்னணுச் சீட்டு இ-வே பில்):

கொடுத்த இ-இன்வாய்ஸை ரத்து செய்ய

ஐ.ஆர்.என். வந்து 24 மணி நேரம் ஆகிவிட்டதா? அப்படியானால் ரத்து செய்ய முடியாது. 'கிரெடிட் நோட் போட' என்ற பக்கத்துக்குப் போங்கள்.
இதே பில்லுக்குப் போட்ட இ-வே பில் நடப்பில் இருக்கிறதா? முதலில் அதை ரத்து செய்யுங்கள்.
1. 'டிரான்சாக்‌ஷன்' மெனுவில் 'சேல்ஸ் ரிஜிஸ்டர்' என்பதைத் திறக்கவும்.
2. பில் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தவும். பில் திறக்கும்.
3. வலது மேல் மூலையில் 'கேன்சல் ஐ.ஆர்.என்.' அழுத்தவும்.
4. காரணத்தைத் தேர்ந்தெடுத்து 'ஓகே' அழுத்தவும்.
பில்லின் தலையில் 'கேன்சல்டு' என்று சிவப்பில் வந்தால் வேலை முடிந்தது. புது பில்லை வேறு எண்ணில் போடுங்கள். ரத்தான எண்ணுக்கு மறுபடி ஐ.ஆர்.என். கிடைக்காது.

நிபந்தனை முன்னால், ஒரு படிக்கு ஒரு செயல், திரையில் என்ன மாறும் என்ற அடையாளம், தப்பினால் எங்கே போவது. இந்த நான்கும் இருந்தால் போதும். எங்கே, எதை, என்ன செய்ய என்ற வரிசை தமிழ் வாக்கியத்தில் தானாகவே அமைகிறது. ஆனால் வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியம் நீண்டால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். விமானத் துறையில் பிறந்த ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற எளிய ஆங்கில விதி, செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல் என்று வரம்பு வைக்கிறது. தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் பத்துப் பன்னிரண்டு சொல்லில் முடித்துவிடுவது நல்லது.

எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய், அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் சிக்குவது லாகினில். நீங்கள் அட்மின் லாகினில் எழுதியிருப்பீர்கள். கல்லாவில் இருப்பவர் லாகினில் அந்த மெனுவே தெரியாது. யார் யாரால் இதைச் செய்ய முடியும் என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி போடுங்கள்.

பி.டி.எஃப்.ஐத் தூக்கி எறிய வேண்டாம். அச்செடுத்து வைத்துக்கொள்ள விரும்பும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஆலையில் ஒரு பழைய இருப்புக் கணக்கு மென்பொருள். அதன் உதவிக் கோப்பு சி.எச்.எம். என்ற பழைய விண்டோஸ் உதவிக் கோப்பு வகை. சர்வரிலிருந்து திறந்தால் இடப்பக்கம் பொருளடக்கம் வருகிறது, வலப்பக்கம் வெறுமை. அதே கோப்பில் தமிழ்ப் பொருளடக்கம் சேர்த்துப் பார்த்தோம், வெறும் கேள்விக்குறிகள். கோப்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், பொம்மசந்திரா

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள்.

நெட்வொர்க் டிரைவிலிருந்து சி.எச்.எம். பக்கங்களைக் காட்டுவதை மைக்ரோசாஃப்ட் 2005-இல் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தின் மூலம் தடுத்தது. கோப்பை ஒவ்வொரு கணினியின் சி டிரைவிலும் நகலெடுத்து வையுங்கள். மெயிலிலோ இணையத்திலிருந்தோ வந்த கோப்பானால், அதை வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, கீழே 'அன்பிளாக்' என்பதில் டிக் போட்டு 'அப்ளை' கொடுங்கள். அதற்கும் பக்கம் வராவிட்டால் கோப்புறையின் பெயரைப் பாருங்கள். பாதையில் எங்காவது ஹேஷ் குறி இருந்தாலும் பக்கம் திறக்காது.

தமிழ் விஷயம் வேறு. சி.எச்.எம். 1997-இல் வந்தது. அதன் பொருளடக்கமும் சொற்பட்டியலும் விண்டோஸின் பழைய கோட் பேஜ் முறையில் (மொழிக்கொரு எழுத்து அட்டவணை) இயங்குபவை. தமிழுக்கு அந்த முறையில் கோட் பேஜ் ஒதுக்கப்படவே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு வழியாக மட்டுமே விண்டோஸில் தமிழ் வந்தது. வலப்பக்கத்துப் பக்கங்களில் தமிழ் தெரியும். பொருளடக்கத்திலும் தேடலிலும் தெரியாது. எந்த யூனிகோடு எழுத்துருவைப் போட்டாலும் இது மாறாது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உதவியை எச்.டி.எம்.எல்., அதாவது இணையப் பக்கங்களாக மாற்றுங்கள். ஆலைத் தளத்தில் இணையம் இல்லையென்றால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. பக்கங்களை நேராக டிஸ்கிலிருந்து திறந்தால் எல்லாம் வரும், தேடல் மட்டும் வேலை செய்யாது. தேடல் பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிறகு இழுப்பதைக் குரோம் போன்ற உலாவிகள் அந்த நிலையில் அனுமதிப்பதில்லை. தேடல் பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகவே பக்கத்தோடு இணைக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். உதவித் தளங்களை உருவாக்கும் எம்.கே.டாக்ஸ் கருவிக்கான மெட்டீரியல் தீமில் இதற்கென்றே 'ஆஃப்லைன்' என்று ஒரு பிளகின் இருக்கிறது. அல்லது உங்கள் மென்பொருளுக்குள்ளேயே ஒரு சிறு லோக்கல் சர்வரை வைத்து, அதன் வழியாகப் பக்கங்களைக் காட்டுங்கள்.

உதவிப் பக்கங்கள் எழுத வேர்டு போதுமா?
– வாசகி, பி.டி.எம். லேஅவுட்

முப்பது பக்கம் வரை, ஒருவரே எழுதுவதானால், போதும். இரண்டாவது ஆள் வந்ததும், அல்லது ஒரே பத்தியை ஐந்து இடத்தில் திருத்த வேண்டி வந்ததும், மார்க்டவுனும் (எளிய குறிகளோடு எழுதும் முறை) கிட்டும் (ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் கருவி) பழகிக்கொள்ளுங்கள்.

உதவியைத் தமிழிலும் கன்னடத்திலும் தரச் சொல்கிறார்கள் எங்கள் நிறுவனத்தில். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கிவிட்டோம். படித்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை என்று பயனர்கள் சொல்கிறார்கள். தமிழில் தேடல் சரியாக வராதா?
– வாசகர், கே.ஆர்.புரம்

வரும். அதற்காக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். தமிழில் தேடல் தோற்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் தனித்தனியாகத் தீர்க்கப்பட வேண்டியவை.

முதலாவது கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க'வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு. மொழிபெயர்ப்பாளரின் கீபோர்டு ஒரு விதமாகவும் பயனரின் போன் இன்னொரு விதமாகவும் அடித்தால் 'கொள்முதல்' என்று தேடுபவருக்கு 'கொள்முதல்' கிடைக்காது. 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே கதி. தீர்வு எளிது. தேடல் பட்டியல் தயாராகும்போதும், பயனர் தட்டிய சொல்லை வாங்கும்போதும், இரண்டையும் என்.எஃப்.சி. என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். எந்த நிரல்மொழியிலும் ஓரிரு வரி வேலை.

இரண்டாவது, விகுதிகள். 'கணக்கு' என்று தேடுகிறார்; பக்கத்தில் 'கணக்கை', 'கணக்கில்' என்றுதான் இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடினாலும் சிக்காது, ஏனென்றால் கடைசி உகரம் போய்விடுகிறது. 'பணம்' 'பணத்தை' ஆகும்போது மகரமும் போய்விடும். இதற்குச் சொல்லின் அடியைப் பிரித்தெடுக்கும் ஸ்டெம்மர் வேண்டும். ஸ்நோபால் என்ற ஸ்டெம்மர் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது. உலாவியிலேயே இயங்கும் லூனர் என்ற தேடல் கருவிக்கான மொழித் தொகுப்பிலும் தமிழ் இருக்கிறது. இயல்பாக அவை அணைந்திருக்கும். அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: அவர்கள் தேடும் சொல்லும் உங்கள் பக்கத்தில் உள்ள சொல்லும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பாளர் 'விலைப்பட்டியல்' என்று எழுதியிருப்பார். கடைக்காரர் 'பில்' என்பார், இன்னொருவர் 'ரசீது' என்பார். 'பிரிண்ட்', 'ப்ரிண்ட்', 'பிரின்ட்' என்று மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் இன்னும் அதிகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையில் தெரியாத ஒரு தேடுசொல் வரி வைத்து இவை எல்லாவற்றையும் அதில் போடுங்கள். எதைப் போடுவது என்று ஊகிக்க வேண்டாம். எதுவும் கிடைக்காமல் போன தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உதவிப் பக்கங்கள் வைத்திருப்பவருக்கு அதைவிட நேர்மையான விமர்சனம் கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் முன் சொற்பட்டியல் ஒன்று செய்தீர்களா? 'கேன்சல்' என்ற ஒரு சொல்லே போதும் குழப்ப. பில்லை ரத்து செய்யும் பட்டனும் 'கேன்சல்'. எதுவும் செய்யாமல் பெட்டியை மூடும் பட்டனும் 'கேன்சல்'. இரண்டையும் 'ரத்து செய்' என்று மொழிபெயர்த்தால், "பில்லை ரத்து செய்யலாமா?" என்று கேட்கும் பெட்டியில் 'சரி', 'ரத்து செய்' என இரண்டு பட்டன் நிற்கும். பாவம், அவர் எதை அழுத்துவார்? மூடும் பட்டனுக்கு 'வேண்டாம்' என்று போடுங்கள், தீர்ந்தது. திரை இன்னும் ஆங்கிலத்தில் இருந்தால், உதவிப் பக்கத்திலும் பட்டன் பெயரை ஆங்கில எழுத்திலேயே, திரையில் உள்ளபடியே விடுங்கள். திரையில் இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடிக் கண்கள் அலையக் கூடாது.

கன்னடத்தைத் தமிழிலிருந்து மொழிபெயர்க்க விடாதீர்கள். இரண்டும் மூலத்திலிருந்து தனித்தனியாக வரட்டும். ஒன்றில் புகுந்த பிழை மற்றதற்குத் தொற்றாது. பக்கத்தின் மொழிக்குறியைத் தமிழ் என்று சரியாகக் கொடுங்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடக் கூடுதலாக, 1.6 அல்லது 1.7 மடங்கு இருக்கட்டும். இல்லையென்றால் மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் கொம்புகளும் இடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வைக்கச் சொல்கிறார் மேலாளர். ஒரு பக்கத்தில் பதினெட்டுப் படம். மாதம் ஒருமுறை வெளியீடு. ஒவ்வொரு முறையும் படங்கள் பழசாகிவிடுகின்றன.
– வாசகி, மாரத்தஹள்ளி

பட்டன் பெயரும் இடமும் சொன்னாலே கண்டுபிடித்துவிடலாம் என்றால் படம் வேண்டாம். திரையில் பத்துப் பதினைந்து கட்டங்கள் நெருங்கிக் கிடந்தால், அல்லது சொல்லில் பெயரே இல்லாத ஐகானாக இருந்தால், வையுங்கள். பதினெட்டு நான்காகும். முழுத் திரையை எடுக்காமல், வேலை நடக்கும் பகுதியையும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும் அளவுக்குச் சுற்றுப்புறத்தையும் வெட்டுங்கள். பி.என்.ஜி.யில் சேமியுங்கள், ஜே.பெக்கில் எழுத்தின் ஓரங்கள் கலங்கும். எல்லாரும் ஒரே ஜன்னல் அளவில், விண்டோஸ் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் 125-இல் எடுத்தால் பக்கத்தில் எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். அம்புக்குறியையும் எண்ணையும் படத்தில் நிரந்தரமாகப் பதிக்காமல் தனி அடுக்கில் வைத்தால் அடுத்த வெளியீட்டில் அடிப்படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

உண்மையான வாடிக்கையாளர் தரவு உள்ள திரையைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். மங்கலாக்கினால் மறைந்துவிட்டது என்று நம்புகிறார்கள். எண்கள் மங்கலிலிருந்தும் மீட்கப்படலாம். பி.டி.எஃப்.இல் கருப்புப் பட்டை போட்டால் அடியில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். மாதிரிப் பெயர்களும் மாதிரிப் பில்களும் நிரப்பிய தனி டெமோ கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மெயில் முகவரிக்கு எக்சாம்பிள்.காம் என்பதைப் பயன்படுத்துங்கள். இதற்காகவே 1999-இல் ஒதுக்கப்பட்ட பெயர் அது. யாரோ ஒருவரின் மெயில் பெட்டிக்குப் போய்ச் சேராது.

மென்பொருளில் உள்ள 'உதவி' ஐகான்கள், நாங்கள் இணையதளத்தைச் சீரமைத்த பிறகு '404' (பக்கம் இல்லை) காட்டுகின்றன. பழைய பதிப்பை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் புதுப் பதிப்பைத் திணிக்க முடியாது. என்ன செய்யலாம்?
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

இப்போதைக்குப் பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிடும் 301 பட்டியல் போடுங்கள். சர்வர் பதிவேட்டில் 404 ஆன முகவரிகளை எடுத்து, அதிகம் வந்தவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது வேண்டாம். சிக்கலோடு வந்தவரை வாசலில் கொண்டுபோய் விடுவது அது.

அடுத்த பதிப்பிலிருந்து, மென்பொருளுக்குள் பக்கத்தின் முகவரியை எழுதாதீர்கள். ஒவ்வொரு திரைக்கும் மாறாத அடையாள எண் கொடுங்கள். மென்பொருள் அந்த எண்ணையும் தன் பதிப்பையும் மொழியையும் மட்டும் அனுப்பட்டும். எந்தப் பக்கம் என்பதை சர்வரில் உள்ள ஓர் அட்டவணை முடிவு செய்யட்டும். பழைய சி.எச்.எம்., அதற்கும் முந்தைய வின்ஹெல்ப் காலத்திலேயே இந்த எண் முறை இருந்தது. இணையத்துக்கு மாறிய அவசரத்தில் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பில்டிலும் (மென்பொருளைப் புதிதாகத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும்) எல்லா எண்ணுக்கும் பக்கம் இருக்கிறதா என்று ஒரு சோதனை ஓடட்டும். இல்லையென்றால் பில்டு நிற்கட்டும். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் வாடிக்கையாளருக்கு முன் நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

ஏ.ஐ. கருவியே உதவிப் பக்கம் எழுதித் தருகிறதே, பயன்படுத்தலாமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

வரைவுக்குப் பயன்படுத்தலாம். சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தொகுக்கவும், நீண்ட வாக்கியத்தை உடைக்கவும் நன்றாக உதவும். டிக்கெட்டை ஒட்டும் முன் பெயர், போன், ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அது எழுதும் படிகளைத் திரையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்காமல் வெளியிடக் கூடாது. இல்லாத மெனுவை, இருப்பதைப் போலவே உறுதியான நடையில் எழுதும். மற்ற மென்பொருள்களில் 'செட்டிங்ஸ்' கீழ் இருப்பது உங்களிடமும் அங்கேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பக்கங்களைச் சாட்பாட் படித்துப் பதில் சொல்லப்போகிறது என்றால், அது பக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கும். 'மேலே சொன்னபடி', 'அதே முறையில்' என்ற தொடர்கள் துண்டில் பொருளிழந்துவிடும். ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் திரை, எந்தப் பதிப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தேடல் வழியாகப் பக்கத்தின் நடுவில் வந்து இறங்கும் மனிதருக்கும் அது உதவும்.

பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். கோடிங் தெரியாது. டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு என்ன சான்றிதழ் வாங்க வேண்டும்?
– வாசகி, அல்சூர்

சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். பலரும் பரிந்துரைத்துவந்த அமெரிக்காவின் எஸ்.டி.சி. என்ற டெக்னிக்கல் ரைட்டர்கள் சங்கமே 2025-இல் மூடப்பட்டது. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம், அவற்றை முடியுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் நடைக் கையேடுகளும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. கோடிங் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மார்க்டவுன், கிட், ஏ.பி.ஐ. அழைப்பு (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டு வாங்குவது) என்றால் என்ன என்ற அறிமுகம் வேண்டும்.

நேர்முகத்தில் கேட்கப்போவது மாதிரிகளை. திறந்த மூல மென்பொருள் ஒன்றை எடுத்து, நீங்களே நிறுவிப் பாருங்கள். நிறுவும்போது கையேடு எங்கே கைவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைத் திருத்தி அந்தத் திட்டத்துக்கே அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரோடு பதிவாகும். இப்படி மூன்று போதும்: படிப்படியான செய்முறை ஒன்று, பிழைச்செய்திக்கான விளக்கம் ஒன்று, முன்பு எப்படி இருந்தது, எதை ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்தில் குறிப்போடு மூன்றாவது. அந்தக் குறிப்பைத்தான் அதிக நேரம் படிப்பார்கள்.